காரைக்கால் கடலும் ஐந்து மீட்டர் கம்பியும்

திருநள்ளாறு போகும் கூட்டத்தோடு பேருந்தில் நின்றபடி வந்தேன் என்றாலும், எனக்குச் சனீஸ்வரனிடம் வேலை இல்லை. கடற்கரையில் கம்பி கட்டிப் பார்க்கத்தான் காரைக்காலுக்கு வந்தேன். பொறையாரைத் தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்ததும் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. வண்டிக்குள் யாரும் அறிவிக்கத் தேவையில்லை, சாலையோரத்து மதுக்கடைப் பலகைகளே சொல்லிவிடும். இங்கிருந்து தெற்கே வாஞ்சூர் வரைக்கும் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் வங்காள விரிகுடா.

1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு கதை உண்டு. அவர்கள் 'நாடு' என்று எண்ணுவது ஐ.நா. பட்டியலை வைத்து அல்ல. அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். பராமரிக்கும் டி.எக்ஸ்.சி.சி. பட்டியல்தான் அவர்களுக்கு வேதம். அதன்படி அந்தமான் தனி நாடு, லட்சத்தீவு தனி நாடு. அந்தப் பட்டியலின் வாலில், நீக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ், பிரெஞ்சிந்தியாவும் இருக்கிறது. அதன் அழைப்பு முன்னொட்டு எஃப்.என்.8. 1954 அக்டோபர் 31 வரை அங்கிருந்து பேசியவர்களோடு கொண்ட தொடர்புக்கு மட்டுமே மதிப்பெண். மறுநாள் முதல் காரைக்காலும் இந்தியாவின் வி.யு. முன்னொட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு காலத்தில் வானலையில் தனி நாடாக இருந்த மண்ணில் நின்று கம்பி கட்டும் ஆசைதான், உண்மையைச் சொன்னால், இந்தப் பயணத்துக்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் ஒரு நண்பர். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், உரிமம் பெற்ற ஹாம். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். எங்கள் அறிமுகம் 7 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. முகம் பார்த்தது பல வருடம் கழித்து. மொட்டை மாடியில் அவர் வைத்திருக்கும் நிலையத்தில் விலை கொடுத்து வாங்கிய பொருள் செட்டும் பேட்டரியும் கோஆக்சியல் கேபிளும் மட்டும்தான். ஆண்டெனா என்று எது தலைக்கு மேல் தெரிந்தாலும் அது அவர் கையால் செய்தது.

"செட்டை நம்மளால செய்ய முடியாது தம்பி. செய்யலாம், ஆனா ஜப்பான்காரன் மாதிரி வராது. ஆண்டெனா அப்படியில்ல. நீங்க கட்டுறதும் அவன் கட்டுறதும் ஒரே கம்பிதான். காத்துக்குக் கம்பெனி பேரு தெரியாது."

இதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். புதிதாக உரிமம் வாங்கும் இளைஞர்கள் செட்டுக்கு அறுபதாயிரம் செலவழித்துவிட்டு, ஆண்டெனாவுக்குப் பணமில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைகீழ் புத்தி. நூறு வாட் செட்டை மோசமான ஆண்டெனாவில் மாட்டுவதைவிட ஐந்து வாட் செட்டை நல்ல கம்பியில் மாட்டுவது மேல்.

சாருக்கு இந்தக் கைவேலை புத்தகத்தில் வந்ததல்ல, ரூபவாஹினியில் வந்தது. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது சென்னைத் தூர்தர்ஷன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கொடைக்கானல் கோபுரம் வருவதற்கு இன்னும் வருடங்கள் இருந்தன. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் வந்தது. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் என்று கடலோரம் முழுக்க வீட்டுக் கூரைகளுக்கு மேல் ஜி.ஐ. குழாய்கள் முளைத்தன. உச்சியில் அலுமினியக் குழல்களை வரிசையாகக் கோத்த யாகி ஆண்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. மேலே ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே டிவி முன்னால் இருப்பவர் "வருது... வருது... போச்சு, திருப்பு" என்று கத்திய அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்றும் ஊரில் நிறைய. வாலிப வயதில் சார் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப் பல வீடுகளுக்குக் கட்டிக் கொடுத்தவர். வாங்கி வந்த ஆண்டெனா பாதி, குழாய்க் கடையில் வெட்டிச் செய்தது மீதி.

அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பி நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலை மலையில். இலங்கையின் மிக உயர்ந்த சிகரம், 2,524 மீட்டர். காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பூமியின் வளைவைக் கணக்குப் போட்டால், அந்த உயரத்திலிருந்து இங்கே ஐம்பதடிக் குழாய்க்கு நேர்கோட்டில் எட்டும் தூரம் 220 கிலோமீட்டரைச் சுற்றித்தான். மீதிப் பாதியை அலை எப்படிக் கடந்தது? கடல் தந்த உபயம். வெயில் காலத்தில் கடல்மேல் ஈரக்காற்றும் அதன் மேல் வறண்ட காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, நேரே விண்வெளிக்குப் போக வேண்டிய வி.எச்.எஃப். அலை அந்த அடுக்குகளுக்கு நடுவே சிக்கி, கடலை ஒட்டியே வளைந்து வந்துவிடுகிறது. "காத்து நின்னா படம் நிக்கும், காத்து எழும்புனா மழை பெய்யும்" என்பது அப்போது தெருவில் புழங்கிய பேச்சாம். மழை என்றால் திரையில் புள்ளி புள்ளியாக வரும் மழை. இயற்பியல் பாடத்தில் பக்கக் கணக்கில் வருவதைச் செய்தி கேட்க உட்கார்ந்த கூட்டம் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தது.

யாகி ஆண்டெனாவுக்கும் ஒரு கதை உண்டு. 1926இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் உருவானது. வேலையில் பெரும்பங்கு ஷிந்தாரோ உடாவுடையது, பெயர் நிலைத்தது பேராசிரியர் ஹிதெத்சுகு யாகிக்கு. உடாவின் பேரைச் சேர்த்து 'யாகி-உடா' என்று சொல்வதுதான் நியாயம். கடைத்தெருவில் அதெல்லாம் எடுபடாது.

கடைத்தெரு என்றதும் பாரதியார் வீதிக்கு வருகிறேன். காலையில் சாரோடு அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் ஏறினோம். ஒரு சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் பதினோரு மீட்டர், அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள், எம்-சீல் ஒரு பொட்டலம், இன்சுலேஷன் டேப். கடைக்காரர் அளந்துகொண்டே, "எந்த ரூமுக்கு வயரிங்?" என்றார். ஆண்டெனாவுக்கு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, கேபிள் கட் பண்ணிட்டாங்களா?" என்றார். நைலான் கயிற்றுக்கு ஹார்டுவேர் கடை வேண்டாம் என்று சார் வலைக் கடைக்கு அழைத்துப் போனார். மீனவர்கள் வாங்கும் கயிறு வெயிலுக்கும் உப்புக்கும் அசராது, விலையும் குறைவு. எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. கோஆக்சியல் மட்டும் சாரிடம் ஏற்கெனவே இருந்தது.

பதினோரு மீட்டர் ஏன் என்று கேட்பவர்களுக்காக அந்த எளிய கணக்கு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வந்துவிடும். நாங்கள் குறி வைத்தது 14.1 மெகாஹெர்ட்ஸ். 143ஐ 14.1ஆல் வகுத்தால் 10.14 மீட்டர். நடுவில் வெட்டினால் கைக்கு 5.07. கோஆக்சியலின் உள் கம்பி ஒரு கைக்கு, மேல் வலை இன்னொரு கைக்கு. முடிந்தது ஆண்டெனா. நுனிகளைப் பிவிசி துண்டில் ஓட்டை போட்டுக் கட்டி, அந்தத் துண்டிலிருந்து கயிறு. பிவிசி இல்லாவிட்டால் தேய்ந்த பல்துலக்கிப் பிடி போதும். மின்சாரம் பாயாத எதுவும் இன்சுலேட்டர்தான்.

நடுப்புள்ளியை மாடியில் நட்ட மூங்கில் உச்சிக்கு ஏற்றி, இரண்டு கைகளையும் சரிவாகக் கீழே இறக்கிக் கட்டினோம். இப்படித் தலைகீழ் 'வி' போலக் கட்டுவதில் ஒரு லாபம். ஒரே ஒரு மூங்கில் போதும். இன்னொரு லாபம், கைகள் நேராக விரிந்திருந்தால் எழுபத்துச் சொச்ச ஓம் வரும் மின்மறுப்பு, சரித்துக் கட்டும்போது ஐம்பதை நெருங்கிவிடும். கேபிளும் ஐம்பது, செட்டும் ஐம்பது. இந்த எண்கள் பொருந்தாவிட்டால், கிணற்றுச் சுவரில் மோதிய அலை திரும்பி வருவதுபோல, அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு கேபிள் வழியே செட்டுக்கே திரும்பிவிடும். அதைத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அளக்கிறது.

சார் உள்ளங்கையளவு நானோ வி.என்.ஏ. கருவியைக் கேபிளில் மாட்டினார். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவி வருவதற்கு முன்னால், லட்ச ரூபாய்க் கருவி இருக்கும் கல்லூரி ஆய்வகத்தில்தான் இந்த வளைகோட்டைப் பார்க்க முடியும். திரையில் கோடு பள்ளமாக இறங்கிய இடம் 13.68. எதிர்பார்த்தது 14.1. சார் சிரித்தார். "சட்டை போட்ட கம்பி தம்பி." வீட்டு வயருக்கு மேலே இருக்கும் பிவிசி உறை அலையின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது. அதனால் உறையுள்ள கம்பி வெறும் செம்புக் கம்பியைவிட மூன்று சதவீதம் அளவுக்குக் குட்டையாக இருந்தால்தான் அதே அலைவரிசையில் ஒலிக்கும். சூத்திரம் வெறுங்கம்பிக்கானது. அதனால்தான் முதலில் நீளமாக விட்டு, அளந்து, பிறகு நறுக்க வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டு நீட்ட முடியாது. ஒவ்வொரு நுனியிலும் பதினைந்து சென்டிமீட்டர் மடக்கி முறுக்கினார், வெட்டவில்லை. கயிறு இழுத்து மறுபடி ஏற்றினோம். பள்ளம் 14.1ஐ ஒட்டி வந்து உட்கார்ந்தது.

கேபிள் மாடிக்குள் நுழையுமுன் அதை நாலு அங்குலக் குழாயில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றி டேப் ஒட்டினார். கேபிளின் வெளிப்பக்கத்தில் ஊர்ந்து வரும் மின்னோட்டத்தைத் தடுக்க இது போதும். கடையில் இதே வேலைக்கு விற்கும் பேலன் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் விலை. உப்புக்காற்றுக்கு மட்டும் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. சேரும் இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்து, எம்-சீல் பூசி, அதன் மேல் டேப் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மறுபடி மேலே ஏற்றினார். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இந்த ஊரில் மூடாமல் விட்ட செம்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. பச்சைக் களிம்பு பிடித்து, கேபிளின் வலைக்குள் ஈரம் உறிஞ்சி, ஆண்டெனா ஊமையாகிவிடும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது கம்பிக்கு வந்தோம். இது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, மொத்தம் இருபது மீட்டர் நீளம். இதை உயரத்தில் கட்டுவார் என்று நினைத்தேன். தோட்டத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே, கை எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, நாலு மீட்டரில் கட்டினார். உயரே போகட்டும் என்றேன்.

"எதுக்கு? எனக்கு அமெரிக்கா வேண்டாம். புயல் வந்தா சென்னை வேணும், மதுரை வேணும், திருச்சி வேணும்."

தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை அடிவானத்துக்கு அனுப்பாமல் நேரே மேலே எறிகிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனமண்டலம் அதை நேரே கீழே திருப்பி விடுகிறது. விழுவது நம்மைச் சுற்றி முந்நூறு நானூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள். கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். செட் பத்து இருபது கிலோமீட்டரில் நின்றுவிடும், உயரமான கம்பி அருகிலிருப்பவர்களைத் தாண்டிக் குதித்துவிடும். நடுவில் விட்டுப்போகும் இந்த வட்டத்தைத் தாழ்ந்த கம்பி நிரப்புகிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டி ஓடுவதால் பகல் நேரத்தில் நம் தலைக்கு மேல் அயனமண்டலம் அடர்த்தியாகவே இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் நேரே மேலே போய் நேரே திரும்பி வர அது போதும். காரைக்காலுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 245 கிலோமீட்டர். மாலை நாலு மணிக்குச் சார் மைக்கை எடுத்தபோது சென்னையிலிருந்து ஒருவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பதுபோலப் பதில் சொன்னார். செட்டில் வைத்திருந்தது இருபது வாட்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் கஜாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலைக் காரைக்காலில் உள்ள வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் கண்காணித்தது. பத்து சென்டிமீட்டர் அலையில் வேலை செய்யும் பெரிய கருவி. புயல் வருவதை அது துல்லியமாகச் சொன்னது. புயல் போன பிறகு நடந்தது வேறு. மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புகள் படுத்தன, செல்போன் கோபுரங்கள் பேட்டரி தீர்ந்து அடங்கின, டெல்டாவின் பல கிராமங்கள் நாள்கணக்கில் வெளியுலகத்தோடு பேச முடியாமல் கிடந்தன. தென்னை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று சாரைக் கேட்டேன். "விழுந்த மரத்து மேலயே கட்டுவேன். ஒரு மீட்டர் உயரம் இருந்தாலும் பேசும்."

சாயங்காலம் பட்டினச்சேரிப் பக்கம் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கடற்கரைக் குப்பங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர். இந்த மணலில் நின்று அதைப் பேச யாருக்கும் நா எழாது, சாரும் பேசவில்லை. நான் யோசித்தது நேர் கிழக்கே, கிட்டத்தட்ட இதே அட்சரேகையில் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு ஓட்டல் மாடியை. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு சிறு குழு அந்த மாதம் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு நெடுங்காலம் கழித்துக் கிடைத்த அனுமதி அது. உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வி.யு.4 என்ற 'நாட்டை'த் தங்கள் பட்டியலில் சேர்க்க வரிசையில் நின்ற நேரம். 26ஆம் தேதி காலை தரை ஆடியது. தொலைபேசி செத்தது. பொழுதுபோக்குக்காக மாடியில் கட்டிய ஆண்டெனாக்கள்தான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி கொண்டுபோயின. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி, என்ன மருந்து வேண்டும் என்ற செய்தி.

அதே நாட்களில் இலங்கையின் தென்கோடியில், அம்பாந்தோட்டையில், விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்து நண்பர்களும் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அவர்களிடம் இருந்ததும் பேட்டரி, செட், கம்பி. சில மாதங்கள் கழித்து, 2005 மே 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஹாம்களுக்கென்றே ஏவியது. 2014 வரை அது உழைத்தது. மரக்கொம்பில் கட்டிய கையடக்க ஆண்டெனாவில் அதைப் பிடித்தவர்கள் உண்டு.

அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு மறுநாள் மாலை போனோம். ஆற்றங்கரை நடைபாதையில் குடும்பம் குடும்பமாக மக்கள், சுண்டல் வண்டிகள், கலங்கரை விளக்கம். கூட்டத்தை விட்டு விலகி, அலை நனைக்கும் கோட்டுக்குப் பத்தடி இப்பால் மூங்கில் ஒன்றை நட்டோம். அதன் மேல் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பி செங்குத்தாக. அடியில் அதே நீளத்தில் இரண்டு கம்பிகள் மணலுக்கு ஓரடி மேலே இரண்டு பக்கமும் குச்சிகளில். 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆண்டெனா. ஒலிபரப்பவில்லை, கேட்க மட்டும்.

காரைக்காலின் நிஜமான சொத்து இங்கேதான் இருக்கிறது. செங்குத்து ஆண்டெனாவுக்குக் கீழே உள்ள தரை அதன் மறுபாதி. வறண்ட மண்ணில் பாதிச் சக்தியைத் தரை தின்றுவிடும். உப்புநீர் அப்படியல்ல, மின்சாரத்தைக் கடத்துவதில் சாதாரண மண்ணைவிடச் சில நூறு மடங்கு கெட்டி. அலை அடிவானத்தை ஒட்டி, ஐந்து பத்து டிகிரிக் கோணத்தில் இழப்பின்றிக் கிளம்பிப் போகும், அதே கோணத்தில் வந்தும் சேரும். மதுரையில் முப்பது மீட்டர் கோபுரம் எழுப்பி லட்சங்களில் செலவு செய்து வாங்கும் தாழ்கோணத்தை இங்கே கடல் சும்மா தருகிறது. செட்டைத் திறந்ததும் கிழக்கே தாய்லாந்தும் இந்தோனேசியாவும், சூரியன் இறங்க இறங்க மேற்கே ஐரோப்பாவும் வந்தன. சார் வீட்டு மாடிக் கம்பியில் முணுமுணுத்த நிலையங்கள் இங்கே குரலெடுத்துப் பேசின. 1901 டிசம்பரில் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் பட்டத்தில் கம்பி கட்டி அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதும் கடலோரத்தில்தான், செங்குத்தான கம்பியில்தான்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று மூங்கிலை ஏற இறங்கப் பார்த்தார். "இலங்கை எடுக்குங்களா?" என்றார். எடுக்கும் என்றார் சார். "அப்ப நம்ம வயர்லெஸ்ல ஏன் எடுக்க மாட்டேங்குது?" படகில் இருக்கும் மரைன் வி.எச்.எஃப். செட்டைச் சொல்கிறார். 156 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, கண் பார்வைத் தூரத்தைச் சற்றே தாண்டும். சார் மணலில் உட்கார்ந்து, விரலால் வளைவு போட்டு, பூமி எங்கே மறைக்கிறது, படகில் ஆண்டெனாவை ஓராள் உயரம் தூக்கிக் கட்டினால் எவ்வளவு தூரம் கூடும் என்று விளக்கினார். பெரியவர் கடைசிவரை கேட்டார். "அந்தக் காலத்துல ரூபவாஹினிக்கு நீங்கதானே எங்கூட்டுக்குக் குழாய் கட்டுனீங்க?" என்றார். சாருக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது.

இருட்டுவதற்கு முன் கடைசி வேடிக்கை. சார் பையிலிருந்து எடுத்தது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பை வெட்டிச் செய்த யாகி. ஜோ லெஜியோ என்ற அமெரிக்க ஹாம் வடிவமைத்தது, உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்வது. அரை அங்குல பிவிசி குழாய், குறுக்கே டேப் துண்டுகள். பின்னால் 105 சென்டிமீட்டர், நடுவில் 45, 45 என்று இரண்டு, முன்னால் 89. பின்னதற்கும் நடுவுக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி, நடுவுக்கும் முன்னதற்கும் 32. நடுத்துண்டுகள் இரண்டையும் இணைத்து ஒரு சின்னக் கொண்டை ஊசிக் கம்பி. குழாயில் பொருத்துவதற்கு ஹோஸ் கிளிப். டேப்பின் பெயின்டைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது என்பது ஒன்றுதான் இதில் கவனிக்க வேண்டியது. மடக்கிப் பையில் போடலாம், எடுத்தால் தானே விரிந்துகொள்ளும்.

சர்வதேச விண்வெளி நிலையம் அன்று தென்மேற்கில் எழுவதாகக் கணக்கு. சார் கைச்செட்டை 145.825இல் வைத்து யாகியை அந்தப் பக்கம் நீட்டினார். முதலில் வெறும் இரைச்சல். பிறகு கொர்ர்ரென்று ஒரு வெடிப்பு, இன்னொன்று. விண்வெளி நிலையம் திருப்பி அனுப்பும் தரவுப் பொட்டலங்களின் சத்தம். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருவதால், நெருங்கும்போது அலைவரிசை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவு ஏறியும் விலகும்போது அதே அளவு இறங்கியும் கேட்கும். யாகியை அதன் போக்கில் திருப்பிக்கொண்டே வந்தோம். திருப்புவதை நிறுத்தினால் சத்தம் தேய்ந்தது. பத்து நிமிடத்தில் வடகிழக்கில் கடலுக்குள் இறங்கிவிட்டது. சுண்டல் விற்ற பையன் வியாபாரத்தை மறந்து பக்கத்தில் நின்றிருந்தான்.

ஆண்டெனா ஆசை வந்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கரண்டுக் கம்பி போகும் பக்கமே போகாதீர்கள். மூங்கில் சாய்ந்தாலும் கம்பி அறுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிக்காலத்தில் செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

உரிமம் இல்லாதவர்களும் கம்பி கட்டிப் பழகலாம். காரைக்கால் வானொலி 100.3 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 143ஐ 100.3ஆல் வகுத்தால் 1.43 மீட்டர். கைக்கு 71 சென்டிமீட்டர் வெறுங்கம்பி, நடுவில் பழைய கேபிள் டிவி கோஆக்சியல். ஆண்டெனா மாட்ட வசதியுள்ள ரேடியோவில் கட்டிப் பாருங்கள். வீட்டுக்குள் இரைந்துகொண்டிருந்த நிலையம் துலங்கி வரும். எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் வானொலியின் எண்ணைப் போட்டுக் கணக்குச் செய்துகொள்ளலாம்.

இந்தக் கடற்கரைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மையத்திலும் ஒரு சாக்குப்பை தொங்கட்டும். அதற்குள் அளந்து வெட்டிய இருபது மீட்டர் கம்பி, பதினைந்து மீட்டர் கோஆக்சியல், ஒரு சுருள் வலைக்கயிறு. செலவு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாது. அதைக் கட்டிப் பேசத் தெரிந்த, உரிமமுள்ள இரண்டு பேர் ஒவ்வொரு குப்பத்திலும் வேண்டும். உரிமத் தேர்வை மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. எழுதுவதற்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தால் போதும்.